எண் ஒன்று போதுமா?
பழங்கார்களின் எஞ்சினை அடையாளம் காணும் முறை பற்றி ஒரு திறனாய்வு

பழைய கார்களின் கண்காட்சி நடக்கும் இடங்களில் ஒரு சடங்கு உண்டு. காரைப் பார்க்க வந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்வார். குனிந்து, டார்ச் விளக்கை அடித்து, எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பார். அதைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ‘பொருந்துகிறது’ என்று நிமிர்ந்துவிடுவார். அத்தோடு சோதனை முடிந்தது. கார் ‘அசல்’ என்று பெயர் பெறும்; விலையும் உயரும். எண் பொருந்தாவிட்டால் அந்தக் கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒரு படி தாழ்ந்ததுதான்.

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாடு நம்முடையது. அறுபது எழுபது ஆண்டுகள் ஓடிய ஓர் இயந்திரத்துக்கு ஒரே பொருத்தம் பார்த்து முடிவு சொல்வது சரியா? இந்த ‘எண் பொருத்தம்’ என்னும் அளவுகோலை அறிவியல் நோக்கில் சற்று உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கார் வாங்கும் வசதி நம்மில் பெரும்பாலோர்க்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ‘சான்று என்பது எது?’ என்ற கேள்வி எல்லோருக்கும் உரியது.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

‘இந்தக் காரில் இருப்பது எந்த எஞ்சின்?’ என்று கேட்கிறோம். கேள்வி எளிமையாகத் தோன்றுகிறது. உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதற் கேள்வி: இது எந்த வகையைச் சேர்ந்த எஞ்சின்? எத்தனை சிலிண்டர், என்ன கன அளவு, வால்வுகள் பக்கத்தில் உள்ளனவா தலையில் உள்ளனவா என்பவை இதில் அடங்கும். இரண்டாம் கேள்வி: அந்த வகையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான எஞ்சின்களுள், தொழிற்சாலையில் இந்தக் காருக்கென்று பொருத்தப்பட்ட அதே எஞ்சின் இதுதானா?

ஓர் உவமை சொல்லலாம். தோப்பில் நிற்கும் மரம் மாமரமா பலாமரமா என்பது ஒரு கேள்வி. அது உங்கள் பாட்டனார் நட்ட அதே மரமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை இலையில் இருக்கிறது; யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு விடை மரத்தில் மட்டும் இல்லை. ஊரார் நினைவிலும், பத்திரத்திலும், மரத்தின் வயதிலும் சேர்ந்து இருக்கிறது.

எஞ்சினிலும் அப்படியே. வகையை அளந்து அறியலாம். ஆளை அறிய அளவும் வேண்டும், வரலாறும் வேண்டும். எண் பொருத்தம் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு புகழ்பெற்ற வழக்கு நமக்கு உதவும்.

நீதிமன்றம் ஏறிய கார்

‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று அழைக்கப்படும் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் கார், பிரான்சில் நடைபெறும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது. முதல் ஆண்டு உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்க்கினும் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டினார்கள். பந்தயக் கார் என்பது சும்மா நிற்பதில்லை. அது ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிரித்துப் பூட்டப்பட்டது. 1932 இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த 500 மைல் பந்தயத்துக்கு அதன் ஆறரை லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பந்தயத்தில் கார் ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பின்னர் அது சாலையில் ஓட்டும் காராக மீண்டும் கட்டப்பட்டது.

1990 இல் இந்தக் கார் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அதை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், ‘இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அன்று’ என்று மறுத்தார்கள். நீதிபதி ஆட்டன் சான்றுகளைத் துருவி ஆராய்ந்தார். 1930 இல் வென்ற காரிலிருந்து மிதிகளின் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியவையே எஞ்சியிருக்கின்றன என்று கண்டார். ஆயினும், அந்தக் கார் எந்த ஒரு காலத்திலும் இல்லாமற் போகவில்லை. படிப்படியாக மாறித் தொடர்ந்து வந்திருக்கிறது. ஆகவே அந்தப் பெயர் அதற்கு உரியதே என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் இரு கட்சிகள் உண்டு. அதில் பாராட்ட வேண்டியதும் உண்டு. குறைகாண வேண்டியதும் உண்டு என்பது என் கருத்து. பாராட்ட வேண்டியது இது: காரின் அடையாளம் ஒரு தகட்டிலோ ஓர் எண்ணிலோ அடங்கிவிடுவதில்லை, அதன் தொடர்ந்த வரலாற்றில் இருக்கிறது என்பதை அது நிலைநாட்டியது. குறை என்னவென்றால், ‘உண்மையான’ என்ற ஒரே அடைமொழி பல பொருள்களைச் சுமக்கும்படி ஆகிவிட்டது. பெயர் தொடர்கிறது என்பதால் உறுப்புகளும் தொடர்கின்றன என்று கேட்பவர் எண்ணிக்கொள்ளக் கூடும். லெ மானில் ஒலித்த எஞ்சின் இதுவா என்று ஒரு மாணவர் கேட்டால், ‘அன்று’ என்பதே விடை. பெயருக்கு உரிமை உண்டு; எஞ்சின் வேறு. இந்த இரண்டும் ஒரே மூச்சில் உண்மையாக இருக்கலாம்.

சரி, ஆறரை லிட்டரா எட்டு லிட்டரா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது.

அளவு பேசும்

சிலிண்டரின் உள்விட்டத்தைப் பட்டறையில் ‘போர்’ என்பார்கள். பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை செல்லும் தொலைவு ‘ஸ்ட்ரோக்’. பள்ளியில் படித்த உருளையின் கன அளவுதான் இங்கும். போரின் வர்க்கத்தை ஸ்ட்ரோக்காலும் 0.7854 ஆலும் பெருக்கினால் ஒரு சிலிண்டரின் கன அளவு; அதைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் எஞ்சினின் கன அளவு.

பென்ட்லியின் ஆறரை லிட்டர் எஞ்சினுக்குப் போர் 100 மி.மீ., ஸ்ட்ரோக் 140 மி.மீ., சிலிண்டர் 6. கணக்கிட்டால் 6,597 கன செ.மீ. வரும். எட்டு லிட்டர் எஞ்சினுக்கு அதே ஸ்ட்ரோக், அதே 6 சிலிண்டர். போர் மட்டும் 110 மி.மீ. கன அளவு 7,983. போர் பத்து விழுக்காடு கூடியதும் கன அளவு இருபத்தொரு விழுக்காடு கூடிவிட்டது. விட்டம் வர்க்கமாக வருவதன் விளைவு இது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. செவர்லே நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் 302, 327, 350 கன அங்குலம் என்று மூன்று வகைகள் இருந்தன. மூன்றுக்கும் போர் ஒன்றே: 4 அங்குலம். ஸ்ட்ரோக் மட்டும் 3, 3.25, 3.48 அங்குலம் என்று மாறும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் உடன்பிறப்புகள். பென்ட்லியில் ஸ்ட்ரோக்கை மட்டும் அளப்பவர் ஏமாறுவார்; செவர்லேயில் போரை மட்டும் அளப்பவர் ஏமாறுவார். இரண்டு மாறிகள் உள்ள இடத்தில் ஓர் அளவு போதாது என்னும் பாடம் இது.

எஞ்சினைப் பிரிக்காமல் இவற்றை அளக்க முடியுமா? முடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரு வால்வுகளும் மூடியிருக்கும்படி செய்துகொள்ள வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது துளை வழியே ப்யூரெட்டிலிருந்து எண்ணெய் விட்டு, எவ்வளவு கொள்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்தபின் பிஸ்டனை அடிக்குக் கொண்டுவந்து மறுபடியும் அளக்கலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பது ஒரு சிலிண்டரின் கன அளவு. பிளக் துளை சிலிண்டருக்கு நேராக அமைந்த எஞ்சின்களில் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே நிறுத்தி, அது ஏறி இறங்கும் தொலைவைக் கொண்டு ஸ்ட்ரோக்கையும் அறியலாம். கன அளவும் ஸ்ட்ரோக்கும் தெரிந்தபின் போரைக் கணக்கிடுவது காகிதத்து வேலை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. சிலிண்டரில் எண்ணெய் நிறைந்திருக்கும்போது எஞ்சினைச் சுழற்றவே கூடாது. திரவம் அமுங்காது, உள்ளிருக்கும் தண்டுதான் வளையும். காற்றுக் குமிழ் தங்குவதும், பிஸ்டன் வளையங்களின் வழியே எண்ணெய் கசிவதும் அளவில் பிழையை உண்டாக்கும். ஆகவே பலமுறை அளந்து சராசரி காண வேண்டும். பென்ட்லிகள் இரண்டையும் பிரித்தறிய இது தாராளமாகப் போதும். ஒன்றில் ஒரு சிலிண்டர் 1,100 கன செ.மீ., மற்றதில் 1,330.

அளவும் சில நேரம் ஏமாற்றும்

‘அப்படியானால் எண்ணை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொள்வோம்’ என்று நீங்கள் சொல்லக்கூடும். அவசரம் வேண்டாம். அளவுக்கும் வரம்பு உண்டு. நம் நாட்டுச் சாலைகளில் நன்கு பழகிய ஒரு காரையே எடுத்துக்கொள்வோம்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு உருவானது அம்பாசிடர். 2014 வரை அது தயாரிக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த தொடக்ககால அம்பாசிடர்களில் 1,476 கன செ.மீ. எஞ்சின் இருந்தது, போர் 73.5 மி.மீ., ஸ்ட்ரோக் 87 மி.மீ. விரைவிலேயே அதன் இடத்துக்கு 1,489 கன செ.மீ. எஞ்சின் வந்தது, போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு வேறுபாடு எவ்வளவு தெரியுமா? வெறும் மூன்று கன செ.மீ. பழைய எஞ்சினில் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் கசியும் நிலையில், இந்த மூன்றை நம்பி முடிவு சொல்வது அறிவுடைமை ஆகாது.

ஆனால் இந்த இரண்டு எஞ்சின்களும் அமைப்பால் முற்றிலும் வேறானவை. முதலாவதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கும். ஆகவே மேலே தட்டையான தலை மட்டும் தெரியும். இரண்டாவதில் வால்வுகள் தலையில் இருக்கும்; அவற்றை இயக்கும் ராக்கர்களை மூடிய நீண்ட தகரப் பெட்டி எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ப்யூரெட் தடுமாறுகிற இடத்தில், பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது. கருவியின் நுட்பம் மட்டும் போதாது. எந்தப் பண்பை நோக்குகிறோம் என்பதும் முக்கியம்.

இன்னும் நுட்பமான பொறி ஒன்று உண்டு. அம்பாசிடரின் 1,489 எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசை எஞ்சின்கள்தாம் எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டுக் காரிலும் இருந்தன. அந்தக் கார் 1959 இல் 1,588 கன செ.மீ. எஞ்சினையும், 1961 இல் 1,622 கன செ.மீ. எஞ்சினையும் பெற்றது. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே. போர் முன்னதில் 2.969 அங்குலம், பின்னதில் சரியாக 3 அங்குலம்.

எஞ்சின் ஓட ஓடச் சிலிண்டர் தேயும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிச் சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவதை ‘ரீபோர்’ என்பதை நீங்கள் அறிவீர்கள். வழக்கமாக 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் என்ற படிகளில் இது நடக்கும். 1,588 எஞ்சினை 0.030 அங்குலம் கடைந்தால் போர் 2.999 அங்குலம் ஆகிவிடும்! புதிய 1,622 எஞ்சினுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கன அளவு ஏறத்தாழ 1,620. அளவை மட்டும் நம்பியவர் இரண்டையும் ஒன்றென்றே சொல்வார்.

இங்கே தலையைக் கழற்றிப் பார்த்தால் வழி பிறக்கும். பெரிதாக்கிய சிலிண்டருக்கான பிஸ்டனின் மண்டையில் எத்தனை ஆயிரத்தில் பங்கு கூடுதல் என்பது பொறிக்கப்படுவது வழக்கம். ‘030’ என்று அங்கே கண்டால், இது பிறவியில் பெரியதன்று, கடைந்து பெரிதாக்கியது என்று தெளியலாம். ஆக, ஒரு சான்றின் குறையை இன்னொரு சான்று ஈடுசெய்கிறது. ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே முடிவை நோக்கிச் செல்லும்போதுதான் நமக்கு நம்பிக்கை பிறக்க வேண்டும்.

எண் என்னும் சாட்சி

இப்போது எண்ணுக்கே திரும்புவோம். அதைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதுதான் தவறு.

எண் என்றால் என்ன என்பதே எல்லாக் கார்களிலும் ஒரு தன்மையாய் இல்லை. 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த ஃபோர்டு டி மாடலில், பெரும்பாலான ஆண்டுகளுக்கு எஞ்சின் எண்தான் காரின் எண். சட்டத்துக்குத் தனி எண் இல்லை. எஞ்சினை மாற்றினால் காரின் பெயரே மாறிப்போகும். அந்த எஞ்சினைக் கார் நின்றபின்னும் 1941 வரை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தகைய காரில் ‘எண் பொருந்துகிறதா’ என்று கேட்பதற்கு, பொருத்திப் பார்க்க இரண்டாவது எண்ணே இல்லை.

எம்.ஜி. கார்களில் நிலைமை வேறு. எஞ்சின் எண் பிளாக்கில் நேரடியாகப் பொறிக்கப்படாமல், ரிவெட் அடித்த சிறு தகடு ஒன்றில் இருக்கும். எண்ணின் தொடக்கத்தில் உள்ள குறி வகையைச் சொல்லும்: ‘16 ஜி.ஏ.’ என்றால் 1,588, ‘16 ஜி.சி.’ என்றால் 1,622. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு துளைக்கருவியும் இரண்டு ரிவெட்டும் போதும். தகடு சொல்வது தகட்டைப் பற்றிய செய்தி. அது ஒட்டியிருக்கும் இரும்பைப் பற்றிய செய்தியாக அதை ஏற்க மேலும் சான்று வேண்டும்.

பிளாக்கிலேயே பொறித்த எண்ணும் மாற்ற முடியாததன்று. பழைய எண்ணை அராவி எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் பஞ்ச் அடிப்பவர்கள் உண்டு. இங்கே பொருள் இயற்பியல் ஒரு சுவையான பாடம் சொல்கிறது. எஃகுப் பஞ்ச்சை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது உலோகத்தில் பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் படிகங்கள் நசுங்கி, நிலையான திரிபு அடைகின்றன. பள்ளம் மறையும் வரை அராவினாலும் அந்தத் திரிபடைந்த பகுதி அடியில் எஞ்சியிருக்கும். அதன்மேல் தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால், திரிந்த பகுதியும் திரியாத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படும். மறைந்த எண் மங்கலாக மேலெழும். தடய அறிவியல் ஆய்வகங்களில் இம்முறை வழக்கத்தில் உள்ளது. எஃகைவிட வார்ப்பிரும்பில் இது கடினம். மிக ஆழமாக அராவிவிட்டால் பயனும் இல்லை. ஆயினும் ‘அழித்துவிட்டேன்’ என்று மனிதன் எண்ணுவதை இரும்பு அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

காலமும் ஒரு சாட்சி. செவர்லே பிளாக்குகளில் வார்த்த நாளே வார்ப்பில் குறிக்கப்பட்டிருக்கும். மாதத்துக்கு ஆங்கில எழுத்து ஒன்று, பிறகு தேதி, பிறகு ஆண்டின் எண். பிளாக்கை முதலில் வார்க்க வேண்டும். பிறகு கடைய வேண்டும். பிறகு எஞ்சினாகப் பூட்ட வேண்டும். அதன் பிறகே காரில் ஏற்ற முடியும். இந்த வரிசை தலைகீழாக நடக்காது. மே மாதம் தயாரான காரில், அதே ஆண்டு செப்டம்பரில் வார்த்த பிளாக் இருந்தால், மேலே எந்த எண் பொருந்தினாலும் அது பிறவி எஞ்சின் அன்று. ஒன்றைக் கவனியுங்கள்: தேதி ஒத்துப்போனால் ‘இதுதான்’ என்று நிறுவப்படுவதில்லை, ‘இதுவாக இருக்கலாம்’ என்றுதான் ஆகிறது. தேதி முரண்பட்டால் ‘இது அன்று’ என்று உறுதியாகச் சொல்லலாம். அறிவியலில் பல சோதனைகள் இவ்வாறே, நிறுவுவதைவிட மறுப்பதில் வலிமை மிக்கவை.

நம் நாட்டில் இதனால் என்ன?

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பற்றிய சர்ச்சை என்று ஒதுக்க வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் பழங்கார்களுக்கென்று புதிய பகுதி சேர்க்கப்பட்டது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, வாணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விண்டேஜ்’ என்று பதிவு பெறலாம். மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் நேர்ந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழம்பொருளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் வரவேற்கத்தக்கதே.

ஆனால் ‘மூல எஞ்சின்’ என்பதை எண்ணைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கும் பழக்கம் இந்த விதியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிந்தியுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த ஆண்டுகளில் வெளிநாட்டுக் கார்களுக்கு உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிது. பிளாக்கில் விரிசல் விழுந்தால், கிடைத்த வேறோர் எஞ்சினைப் பொருத்தித்தான் ஓட்டினார்கள். அதற்கென்று தாங்கிகளை வெட்டி ஒட்டி, கியர் பெட்டியை இணைத்து, வண்டியை மறுபடியும் சாலையில் ஏற்றிய மெக்கானிக்குகளின் கைத்திறன்தான் அக்கார்களைக் காயலான் கடைக்குப் போகாமல் காத்தது. அந்த மாற்றத்தை முறைப்படி பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் நேர்மையாளர். எண் பொருத்தம் மட்டுமே அளவுகோல் என்றால் தண்டனை அடைபவர் அவரே! எண்ணை அராவிப் பழைய எண்ணை அடித்துக்கொண்டவர் பரிசு பெறுவார். நேர்மைக்கு அபராதமும் பொய்க்கு ஊக்கமும் தரும் அளவுகோல் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அது நல்ல அளவுகோல் ஆகாது. எண் பொருத்தத்தின் மீது நான் காணும் பெருங்குறை இதுவே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘பிறவி எஞ்சினோடு உள்ள காருக்குக் கூடுதல் மதிப்புத் தருவது இயல்புதானே?’ இயல்புதான், அதை நான் மறுக்கவில்லை. மதிப்பைத் தீர்மானிப்பது வாங்குபவர் விருப்பம். ஆனால் விருப்பத்துக்கு முன் உண்மை வெளிப்பட வேண்டும். மாற்று எஞ்சின் என்பது பொய்யன்று. மாற்று எஞ்சினைப் பிறவி எஞ்சின் என்று சொல்வதுதான் பொய்.

செய்யத்தக்கது கடினமானதும் அன்று. ஒவ்வொரு பழங்காருக்கும் மூன்று பத்திகள் கொண்ட ஓர் ஏடு இருக்கட்டும். முதற் பத்தியில் அளந்தறிந்த செய்திகள்: போர், ஸ்ட்ரோக், சிலிண்டர்களின் எண்ணிக்கை, வால்வு அமைப்பு. இரண்டாம் பத்தியில் படித்தறிந்த செய்திகள்: எண், வார்ப்புக் குறி, வார்த்த நாள், பிஸ்டனின் குறி. மூன்றாம் பத்தியில் கேட்டறிந்த செய்திகள்: எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில், ஏன் மாற்றினார்கள் என்பது, அதற்கு ரசீது உண்டா, வாய்மொழியா என்பதும் அதில் இருக்க வேண்டும். மூன்று பத்திகளும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. முரண்பட்டால், அந்த முரண்பாட்டை மறைக்காமல் எழுதி வைப்பதே அறிவியல். மதிப்பிடும் குழுக்கள் இத்தகைய ஏட்டைக் கேட்கத் தொடங்கினால் அராவும் வேலைக்கு ஆதாயம் குறையும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். வெர்னியர் அளவி, திருகு அளவி, ப்யூரெட் ஆகியவற்றை நீங்கள் தேர்வுக்காகக் கையாள்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பட்டறையில் எஞ்சின் தலை கழற்றப்பட்டிருக்கும் நாளில், அங்குள்ள மூத்த மெக்கானிக்கிடம் அனுமதி கேட்டுச் சிலிண்டரின் விட்டத்தை மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளந்து பாருங்கள். ஆறு அளவுகளும் ஒன்றாக இரா. ஏன் என்று அவரையே கேளுங்கள். பிஸ்டன் எந்தப் பக்கம் அழுத்தும், எங்கே தேய்மானம் மிகும் என்று பல ஆண்டு அனுபவத்தோடு அவர் விளக்குவார். பதிவுப் புத்தகத்தில் இல்லாத செய்தி அது. இன்று முதியவர்களாகிவிட்ட அந்தக் கைவினைஞர்கள் செய்த மாற்றங்களை அவர்கள் வாயாலேயே கேட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். அந்த ஏட்டின் மூன்றாம் பத்தியை இப்போது எழுதாவிட்டால் பின்னர் எழுத ஆள் இருக்காது.